ஜிரியஸுக்குக் கவிதை வந்த விதம்

ஜிரியஸுக்குக் கவிதை வந்துவிட்டது என்று ஸஹ்லே ஊரில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். நக்லே மட்டும் சந்தேகப்பட்டான்.

மகிழ்ந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆற்றோரத்தில் அபு மெல்ஹெமின் கடையில் வியாழக்கிழமை மாலை கூடுகிற மேசைக்கு ஜிரியஸ் ஒரு தீராத வேதனை. விளையாட்டு எளிமையானதுதான். ஒருவன் இன்னொருவனுக்கு ஒரு சொல்லை எறிவான். அந்தச் சொல் கவிதை இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்காத சொல்லாக இருக்க வேண்டும். நிலா, ரோஜா, கண்ணீர் என்று எறிந்தால் எறிந்தவனே தோற்றவன். மேசையிலிருப்பவர்கள் கைதட்டிப் பல்லவியை இரண்டு தடவை பாடி முடிப்பதற்குள் எதிராளி நாலு வரி கட்டிவிட வேண்டும். நாலாவது வரி அந்தச் சொல்லில் போய் விழ வேண்டும். விழுந்தால் எல்லோரும் அரக் சாராயக் கோப்பையை உயர்த்துவார்கள். விழாவிட்டால் அபு மெல்ஹெம் முழு வெங்காயம் ஒன்றை உரித்துத் தட்டில் வைத்துக் கொண்டுவருவார். தோற்றவன் அதை மிச்சம் வைக்காமல் தின்ன வேண்டும்.

ஜிரியஸ் அந்த மேசையில் வெங்காயத்தாலேயே வளர்ந்தவன். அலுமினியக் கதவு ஜன்னல் செய்து பொருத்துகிற தொழில். கல்யாணமாகவில்லை. மாதா கோயில் பாடகர் குழுவில் அடிக்குரல் அவனுடையதுதான். அவன் வாயைத் திறந்தால் ஆற்றின் அக்கரையில் கோப்பைகள் அதிரும். ஆனால் அந்தக் குரலில் வெளியே வருவது என்ன? ஒருமுறை நக்லே அவனுக்கு ‘முள்ளங்கி’ என்ற சொல்லை எறிந்தான். பல்லவி இரண்டு தடவை முடிந்தது. ஜிரியஸ் எழுந்து, நெஞ்சில் கைவைத்து, கண்ணை மூடிப் பாடினான்:

*முள்ளங்கி முள்ளங்கி வெள்ளை முள்ளங்கி,*
*அள்ளித் தின்றேன் நானும் அந்த முள்ளங்கி.*

“மிச்ச ரெண்டு வரி எங்க?” என்று கேட்டார் அபு மெல்ஹெம்.

“தின்னுட்டேன்னு சொன்னேனே.”

“தம்பி, இது கவிதை இல்ல. தள்ளுவண்டிக்காரன் கூவுறது. அவன்கூட விலையைச் சேத்துச் சொல்வான்.”

அப்படிப்பட்ட ஜிரியஸுக்கு, திராட்சை அறுவடைக்குப் பிந்திய ஒரு வியாழக்கிழமை, நக்லே ‘பற்பசை’ என்று எறிந்தான். எறியும்போதே அவனுக்குக் கொஞ்சம் இரக்கமாக இருந்தது. அபு மெல்ஹெம் இரக்கமில்லாமல் வெங்காயத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். ஜிரியஸ் பல்லவி ஒரு தடவை முடிவதற்குள் எழுந்துவிட்டான்.

*வாலிலிருந்து பிதுக்கென்று வகையாய்ச் சொன்னாள் மனைவி,*
*நூலளவும் கேட்காமல் நடுவயிற்றில் நசுக்கினான்;*
*பாதிஉயிர் மேலே, பாதிஉயிர் கீழே —*
*நீதிகேட்டு நிற்கிறது நெளிந்துபோன பற்பசை.*

மேசையே குலுங்கியது. அபு மெல்ஹெம் கையிலிருந்த வெங்காயத்தைத் தாமே ஒரு கடி கடித்துவிட்டார். அக்கம்பக்கத்து மேசைக்காரர்களெல்லாம் எழுந்துவந்து ஜிரியஸின் முதுகில் தட்டினார்கள்.

நக்லேயின் கோப்பை பாதி வழியில் நின்றது. அவன் வீட்டுப் பற்பசை நடுவயிற்றில்தான் நசுங்கியிருக்கும். அதை நசுக்குகிறவன் அவன்தான். வாலிலிருந்து பிதுக்கச் சொல்லித் தினமும் காலையில் ஒருத்தி சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஜிரியஸுக்கோ மனைவி கிடையாது. பல் துலக்குகிற பழக்கமாவது உண்டா என்பதிலேயே ஊரில் இரண்டு கருத்து இருந்தது.

“எப்பிடிடா வந்துச்சு இது?” என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டான்.

“தானா வந்துச்சு, மேஸ்திரி.”

அப்போதுதான் நக்லே கவனித்தான். ஜிரியஸ் இப்போதெல்லாம் சிரிக்கும்போது மேல்வரிசை முழுவதும் தெரியச் சிரிக்கிறான். வரிசையில் ஒரு பல் புதிதாக இருந்தது. மற்ற பற்களைவிட யோக்கியமான பல்.

நக்லேயின் மனைவி பல் செய்கிறவள்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் நக்லேவுக்கு டயர்க்கடை. அஸ்னிவ் அங்கேதான் அவனுக்குக் கிடைத்தாள்: பக்கத்து ஊரான அஞ்சரிலிருந்து பஞ்சரோடு வந்தவள், ஆர்மீனியப் பெண். அவன் டயரைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று ஒரு கேலி சொன்னாள். அவன் சிரித்த சிரிப்பில் போல்ட்டைத் தவறவிட்டான். அதைத் தேடிக்கொண்டே கல்யாணம் ஆகிவிட்டது. பெயருக்கு ஆர்மீனிய மொழியில் நேர்மையானவள் என்று பொருள். இத்தனை நாள் நக்லே அந்தப் பொருளைப் பற்றி யோசித்ததில்லை. இப்போது யோசித்தான். நேர்மை என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கும் சரக்கை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை என்று தோன்றியது.

இரண்டு தெரு தள்ளி ஒரு பல் மருத்துவரிடம் அவள் வேலை செய்தாள். வேலையில் கெட்டிக்காரி. அவளால் முடியாதது ஒன்றுதான். அரபியில் தொண்டையை நெரித்துச் சொல்ல வேண்டிய எழுத்து ஒன்று உண்டு. ஐன். அவள் வாயில் அது வராது. அவள் சொல்லும்போது அந்த எழுத்து இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அந்த எழுத்தில் தொடங்குகிற பருப்பைக் கேட்டால் கடைக்காரன் அவள் சொன்னபடியே ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் நிறுப்பான். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கி வருவாள். அது என்ன சிரிப்பு என்று நக்லே கேட்டதில்லை.

நக்லேவுக்கு டயர்க்கடை போனால் இன்னொரு கடை போடலாம். வியாழக்கிழமைப் புகழ் போனால் வெங்காயம் தின்னலாம். அஸ்னிவ் போனால் என்ன செய்வது என்பதற்கு அவனிடம் பதில் இல்லை. ஆகவே அவன் அவளைக் கவனிக்கத் தொடங்கினான்.

கவனித்த அளவில் நிலைமை மோசமாக இருந்தது. முதலாவதாக, செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அவள் கேட்டாள்: “ஹொகிஸ், இந்த வாரம் அவனுக்கு எந்த வார்த்தையை எறியப்போற?” ஹொகிஸ் என்றால் என் உயிரே. காரியம் ஆக வேண்டிய நாட்களில் மட்டும் அவள் எடுக்கும் சொல் அது. இரண்டாவதாக, குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு போனில் பேசினாள். அம்மாவோடு பேசினால் ஆர்மீனிய மொழியில், ஊரே கேட்கும்படி பேசுவாள். இது தாழ்ந்த குரலில், அரபியில் இருந்தது. நக்லே கதவுக்கு வெளியே துண்டோடு நின்றபடி இதை ஆராய்ந்தான். வீட்டில் யாருக்கும் புரியாத ஒரு மொழியைக் கையில் வைத்துக்கொண்டு, ரகசியத்தைப் புருஷனுக்குப் புரிகிற மொழியில் ஒருத்தி பேசுகிறாள் என்றால், மறுமுனையில் இருப்பவன் ஆர்மீனியன் இல்லை. மூன்றாவதாக, பேசும்போது விரல்களால் சலவை இயந்திரத்தின் மூடியில் தாளம் போட்டாள். கள்ளக்காதலில் தாளம் எதற்கு என்பது மட்டும் அவனுக்கு விளங்கவில்லை. விளங்காதது அவன் சந்தேகத்தைக் குறைக்கவில்லை.

“யாரு போன்ல?” என்று அவள் வெளியே வந்ததும் கேட்டான்.

“பல்லு கட்டினவங்க ஒருத்தர். கடிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்னாரு.”

“என்னத்தைக் கடிச்சு?”

“பல்லால எதைக் கடிப்பாங்க? ஆப்பிளு.” அவள் அவன் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். “நீ குளிக்கப் போறியா, இல்ல கதவுக்குக் காவலா?”

அந்த வார வியாழக்கிழமை அவன் தன் தொழிலிலிருந்தே ஒரு சொல்லை எடுத்து எறிந்தான். ‘ஸ்டெப்னி’. செவ்வாய்க்கிழமை அவளிடம் சொன்ன அதே சொல். ஜிரியஸ் புதுப் பல்லைக் காட்டிக்கொண்டு எழுந்தான்.

*ஓடுகிற நாலுக்கும் ஊரெல்லாம் பேருண்டு,*
*மூடிவைத்த டிக்கியிலே முகங்காட்டா ஒன்றுண்டு;*
*காற்றிறங்கி நிற்கையிலே கைநீட்டித் தேடுகிறாய் —*
*நேற்றுவரை நினைத்தாயா, நெஞ்சே, உன் ஸ்டெப்னியை?*

இந்த முறை சிரிப்போடு ஒரு பெருமூச்சும் கலந்து வந்தது. பக்கத்து மேசையில் ஒரு அம்மாள் கைக்குட்டையை எடுத்தாள். “ஒரு டயருக்காக நான் அழுவேன்னு நெனச்சதே இல்ல,” என்றார் அபு மெல்ஹெம்.

நக்லேவும் அழும் நிலையில்தான் இருந்தான், வேறு காரணத்துக்காக. மூடிவைத்த டிக்கி. முகம் காட்டாத ஒன்று. நாலு சக்கரம் தெரியும்படி ஓடுகிறது, ஐந்தாவது ஒன்று ஒளிந்திருக்கிறது. இதைவிடத் தெளிவாக ஒருவன் எப்படி ஒப்புக்கொள்ள முடியும்? அதையும் புருஷன் முகத்துக்கு நேரே, கையில் கோப்பையோடு, அடிக்குரலில்? மேலும், ஜிரியஸின் சட்டைப்பையில் போன் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பாடும்போது அவன் நெஞ்சில் கைவைப்பது வழக்கம். இன்று அந்தக் கை போனை மறைக்காமல் தள்ளியே இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அஸ்னிவ் மாந்தி செய்திருந்தாள். நகம் அளவே உள்ள மாவுப் படகுகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கிள்ளி மடிக்க வேண்டும். குற்ற உணர்ச்சி இல்லாத எவளும் வேலைநாளில் மாந்தி செய்யமாட்டாள் என்று நக்லே குறித்துக்கொண்டு, இரண்டு தட்டு தின்றான்.

“இந்த வாரம் என்ன வார்த்தை, ஹொகிஸ்?”

அவன் தயாராக இருந்தான். அவள் வாயைத் தாண்டி அந்தச் சொல் போகிறதா என்று பார்த்துவிட வேண்டும். கவிதையில் அடக்கவே முடியாத, அருவருப்பான ஒன்றாக யோசித்து வைத்திருந்தான்.

“தேள்கள்,” என்றான், தொண்டையை நன்றாக நெரித்து. “அகாரிப்.”

“அய்யோ பாவம் ஜிரியஸ்,” என்றாள் அஸ்னிவ். எழுந்து தட்டுகளை அடுக்கினாள். கொஞ்ச நேரத்தில் குளியலறைத் தாழ் விழும் சத்தம் கேட்டது. நக்லே மூன்றாவது தட்டு மாந்தியை எடுத்துக்கொண்டான். அவனுக்கு ருசியே தெரியவில்லை.

வியாழக்கிழமை மேசை நிறைந்திருந்தது. ஜிரியஸின் கவிதையைக் கேட்க வேறு தெருக்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். நக்லே எழுந்து நின்றான். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஆறு கேட்கும்படி எறிந்தான்: “தேள்கள்.”

“இது அநியாயம்,” என்றார் அபு மெல்ஹெம். “சாப்பிடுற இடத்துல.”

பல்லவி ஓடியது. ஜிரியஸ் அரக்கை ஒரு மடக்குக் குடித்தான். எழுந்தான்.

*கல்லடியில் குடியிருப்பார், கைநீட்டினால் தெரியும்;*
*செல்லமென்று தூக்கிவைத்தால் சேர்ந்துவரும் குடும்பமே;*
*வாலுயர்த்தி வரவேற்பார், வாழ்த்தென்று நினையாதே —*
*காலணிக்குள் பார்த்துவிடு, கண்ணே, உன் அகாரிப்.*

அந்தக் கடைசிச் சொல்லை ஜிரியஸ் நெரிக்கவில்லை. முகத்தைத் துடைத்துவிடுவதுபோல மென்மையாக விட்டுவிட்டான்.

அகாரிப் என்பதை நெரித்துச் சொன்னால் தேள்கள். நெரிக்காமல் சொன்னால் சொந்தக்காரர்கள். இரண்டுக்கும் அந்த ஒரு எழுத்துதான் வித்தியாசம், மற்றபடி ஒன்றுதான் என்று ஊரில் பழமொழியே உண்டு. வாலுயர்த்தி வரவேற்கிற, செல்லம் கொடுத்தால் குடும்பத்தோடு வருகிற சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் கண்முன் வந்துவிட்டார்கள். மேசையின் மறுகோடியில் ஒருவன் நாற்காலியோடு சாய்ந்தான். “என் மச்சானை நேர்ல பாத்தவன்டா இவன்,” என்று யாரோ கத்தினார்கள். அபு மெல்ஹெம் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: “அவன் தேளைக் கேட்டான், இவன் சொந்தக்காரனைக் குடுத்தான். சட்டப்படி தப்பு. ஆனா விஷம் அதே விஷம். கோப்பையைத் தூக்குங்க.”

நக்லே தூக்கவில்லை. ஜிரியஸின் தொண்டையைப் பற்றி அவனுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அந்தத் தொண்டை ஐன் எழுத்தை நெரித்தால் மெழுகுவர்த்தி அணையும். அந்தத் தொண்டைக்குச் சொந்தக்காரன், தேள் என்று காதால் கேட்ட மறுநிமிஷம், தேளின் வாலைப் பாடிவிட்டு, சொந்தக்காரர் என்று முடிக்கிறான் என்றால், கவிதையை அவன் வேறொரு வாயிலிருந்து கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறான். தேள்களைச் சொந்தக்காரர்களாக்குகிற வாய் ஸஹ்லேயில் ஒன்றுதான் உண்டு. அதற்கு நக்லே தினமும் காலை வணக்கம் சொல்கிறான்.

பாலத்தின் மேல் ஜிரியஸைப் பிடித்தான். ஜிரியஸ் அவன் முகத்தைப் பார்த்ததும் கைகளால் வாயை மூடிக்கொண்டான்.

“மேஸ்திரி, மூஞ்சில மட்டும் வேணாம். பல்லு புதுசு.”

“யாரு போட்ட பல்லு?”

“தெரிஞ்சுட்டே கேக்கறியே.”

“பல்லோட வேற என்ன போட்டா?”

ஜிரியஸ் பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். “கவிதை, மேஸ்திரி. சத்தியமா அது மட்டுந்தான். பல்லோட நிறம் பாக்க வந்தாங்க. வாயைத் தொறந்து வச்சிட்டு உக்காந்திருந்தேன். உன் புருஷன் என்னை வாரம் ஒரு வெங்காயம் தின்ன வைக்கிறான், அதான் ஈறே போச்சுன்னு சொன்னேன். நீ அடுத்து எறியப்போற வார்த்தை அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அங்கயே நாலு வரி சொன்னாங்க. நான் என்ன பண்றது, கருவியெல்லாம் என் வாய்க்குள்ள இருந்துச்சு. மறுக்க முடியல.”

“அவ உனக்கு என்னடா வேணும்?”

“எனக்கு வாத்தியாரு. நான் அவங்களுக்கு ஒலிபெருக்கி.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “திட்டுற வாத்தியாரு,” என்றான். “முள்ளங்கிக் கவிதையைச் சொல்லிச் சொல்லித் திட்டுறாங்க.”

நக்லே அவனை நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. “சட்டைப்பைல போன் எதுக்கு எரியுது?”

ஜிரியஸ் குனிந்து தன் மார்பைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது. “அது... ஜனங்க சிரிக்கிறதை அவங்க கேக்கணுமாம். அதுக்குத்தான் வாரவாரம் போட்டு வப்பேன். இன்னிக்கு அணைக்க மறந்துட்டேன்.”

நக்லே போனை வாங்கிக் காதில் வைத்தான். அழைப்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

“அஸ்னிவ்?”

“வரும்போது ரொட்டி வாங்கிட்டு வா,” என்றாள் அஸ்னிவ்.

அவன் ரொட்டியோடு வீட்டுக்குப் போனான். அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். எதிர் நாற்காலியை முன்பே இழுத்துப் போட்டிருந்தாள். அவன் உட்காரவில்லை.

“என் பற்பசையை ஊருக்கே சொல்லிட்ட.”

“உன் பேரைச் சொல்லலையே. நீதான் மூஞ்சைத் தொங்கப்போட்டுச் சொல்லியிருப்ப.”

“அந்த ஸ்டெப்னி யாரு?”

“நான்தான்.”

“யாருக்கு?”

“உனக்குத்தான்டா, மக்கு. வேற எவன் வண்டி டிக்கில நான் கெடக்கறேன்?” அவள் ரொட்டியைப் பிரித்து, ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். “முன்னாடி கவிதை கட்டினப்போ உன்கிட்டதான் முதல்ல சொன்னேன். ஒண்ணுக்கு நல்லாயிருக்கு, உப்பு எங்கன்னு கேட்ட. இன்னொண்ணைப் பாதிலயே நிறுத்தி, ரெண்டாவது வரி நீளம்னு சொல்லி எனக்குத் திருத்தம் குடுத்த. அவன் வாயைத் தொறந்து வச்சிட்டுக் கேட்டான். அவனால மூட முடியாதுங்கறது வேற விஷயம்.”

நக்லே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. மற்றதெல்லாம் அதற்கு முன்னால் போட்ட தடுப்புகள்.

“நீ எனக்குச் சிரிப்பியே. நான் என் கவிதையை இங்க சொல்லிப் பாக்கறப்போ. அது நெஜமா?”

அவள் வாயிலிருந்த ரொட்டியை மென்று விழுங்கினாள். உடனே சொல்லியிருந்தால் அவன் நம்பியிருக்கமாட்டான்.

“பாதி நெஜம்.”

“எந்தப் பாதி?”

“நீ நடுவுல வரியை மறந்துட்டு, கூரையைப் பாத்துட்டு நிப்பியே. அப்போ வர்றது நெஜம்.”

அவன் உட்கார்ந்தான். அது அவனுக்குத் தேவைக்கு அதிகமான உண்மையாக இருந்தது; ஆகவே நம்பலாம் என்று தோன்றியது. பொய் சொல்கிறவள் முழுச் சிரிப்பையும் அல்லவா கொடுத்திருப்பாள்.

“அப்புறம் ஏன் நீயே வந்து பாடல? அபு மெல்ஹெம் கடைக்குப் பொம்பளைங்க வராமலா இருக்காங்க?”

“பருப்பு வாங்கப் போனாலே சிரிக்கிறான்,” என்றாள் அஸ்னிவ். “நான் மேசையில எந்திரிச்சு நின்னா சிரிக்கத்தான் செய்வாங்க. எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? கவிதைக்கா, தொண்டைக்கா? ஜிரியஸ் வாயில போனா அந்தக் குழப்பம் இல்ல. சிரிப்பு வந்தா அது கவிதைக்குத்தான். சுத்தமான சிரிப்பு. போன்ல கேட்டுட்டே பாத்திரம் கழுவுவேன்.” அவள் ரொட்டியின் இன்னொரு ஓரத்தைக் கிள்ளினாள். “இன்னிக்குத்தான் கெட்டுப்போச்சு. நான் தேளுன்னு சொன்னேன், அந்த மடையன் காதுல சொந்தக்காரன்னு விழுந்திருக்கு. ஆனா அதுதான் இன்னும் நல்லா இருந்துச்சு, இல்ல?”

“இருந்துச்சு,” என்று ஒப்புக்கொண்டான் நக்லே. அவனுக்கே வியப்பாக இருந்தது.

பிறகு அவன் சொன்னான்: “வர்ற வாரம் நீ வா. நான் பாட்டுக் கேக்கமாட்டேன். ஒவ்வொருத்தன் மூஞ்சியா பாத்துட்டே இருக்கேன். எவன் எதுக்குச் சிரிக்கிறான்னு நான் கண்டுபிடிச்சுச் சொல்றேன்.”

“சந்தேகப்படறது ஒண்ணுதான் உனக்கு ஒழுங்கா வர்ற வேலை,” என்றாள் அஸ்னிவ். வருகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் ரொட்டியின் மென்மையான நடுப்பகுதியை அவன் பக்கம் தள்ளினாள்.

வந்தாள். நீலச் சட்டை போட்டுக்கொண்டு, ஜிரியஸின் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜிரியஸ் பக்கத்தில் நின்றான். வேலை போன ஒலிபெருக்கிக்கு என்ன முகம் இருக்குமோ அந்த முகத்தோடு. விஷயம் அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. பருப்புக் கடைக்காரனும் இரண்டாம் வரிசையில் இருந்தான். நக்லே அவனை முதலிலேயே பார்த்து வைத்துக்கொண்டான்.

சொல்லை எறிய வேண்டியவன் நக்லே. வாரம் முழுவதும் தேடி ஒரு சொல்லைக் கொண்டுவந்திருந்தான்.

“பஞ்சர்,” என்றான்.

பல்லவியைத் தொடங்க எல்லோரும் கையை உயர்த்தினார்கள். அஸ்னிவ் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“வேற சொல்லு.”

“ஏன், இது நல்லாத்தானே இருக்கு.”

“அந்த எழுத்து இல்லாத வார்த்தையா பாத்துப் பொறுக்கிட்டு வந்திருக்க. நான் என்ன நோயாளியா, கஞ்சி ஊத்துறதுக்கு? ஒழுங்கா எறி.”

நக்லே சுற்றும்முற்றும் பார்த்தான். மேசை நடுவே தப்பூலேக் கிண்ணம் இருந்தது. புதினா சேர்த்துப் பொடியாக நறுக்கிய பச்சைத் தழை, எல்லோரும் அதைத்தான் தின்றுகொண்டிருந்தார்கள். அதிலிருந்தே எடுத்து எறிந்தான்.

“நஃனஃ,” என்றான். புதினா.

நெரிக்க வேண்டிய இடம் அதில் ஒன்றல்ல, இரண்டு.

“கிராதகன்,” என்று முணுமுணுத்தார் அபு மெல்ஹெம். “பெண்டாட்டிக்கு எறியற வார்த்தையா இது.”

பல்லவி தொடங்கியது. நக்லே அதில் சேரவில்லை. அவன் முகங்களைப் பார்த்தான். பருப்புக்காரனின் உதடு ஓரத்தில் ஏதோ துடித்தது. மறுகோடியில் இருவர் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். ஜிரியஸ் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அது நம்பிக்கையா பயமா என்று சொல்ல முடியவில்லை. இரண்டாவது பல்லவி முடிவதற்குள் அஸ்னிவ் எழுந்தாள். மெல்லிய குரல். ஆற்றுக்கு மேலே அது கேட்பதற்காக எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள்.

*தொண்டைக்குள் குத்துகிற முள்ரெண்டைப் பிடுங்கிவிட்டேன்,*
*பண்டிதரே, இனிநீங்கள் பசுந்தழையை மெல்லுங்கள்;*
*சொல்லுக்குச் சிரிப்பவரைச் சுலபமாய்க் கண்டிடுவேன் —*
*பல்லுக்குள் பச்சையாய்ச் சிக்கியிருக்கும் என் நனா.*

பருப்புக்காரன் சிரிக்கத் திறந்த வாயைப் படாரென்று மூடினான். மறுகோடி இருவரும் கையால் வாயைப் பொத்தினார்கள். அபு மெல்ஹெம் திரும்பி நின்று, கத்தியின் பளபளப்பில் பல்லைப் பார்த்தார். ஒரு கணம் அந்தக் கடையில் வாய் திறந்தவர் ஒருவர்கூட இல்லை. எல்லோர் கன்னத்துக்குள்ளும் நாக்குகள் தேடிக்கொண்டிருந்தன. பிறகு ஜிரியஸால் அடக்க முடியவில்லை. அந்த அடிக்குரல் வெடித்ததும் மற்றவர்களும் வாயைப் பொத்தியபடியே, விரலிடுக்கில் மூச்சு வாங்கிக்கொண்டு, முகம் சிவக்கச் சிரித்தார்கள். யாருக்கும் வாயைத் திறக்கத் தைரியமில்லை. யாராலும் சிரிப்பை நிறுத்தவும் முடியவில்லை.

அஸ்னிவ் உட்கார்ந்தாள். கோப்பையை எடுத்து நக்லே பக்கம் சாய்ந்தாள்.

“சொல்லு. எவன் எதுக்குச் சிரிச்சான்?”

“எல்லாருமே வாயை மூடிட்டாங்க. கண்டுபிடிக்க முடியல.” அவன் குற்றவாளிகளைத் தப்பவிட்ட காவலனைப்போலச் சொன்னான். “ஜிரியஸ் மேலதான் கொஞ்சம் சந்தேகமா இருக்கு.”

“நீ சிரிக்கவே இல்லையே.”

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பாட்டின்போது அவனும் தப்பூலே தின்றுகொண்டிருந்தான். நாக்கு தானாகவே மேல்வரிசையைத் தடவத் தொடங்கியது.

“அஸ்னிவ், இங்க பாரு,” என்று உதட்டைத் தூக்கிக் காட்டினான். “இருக்கா?”

அவள் தொழில்முறையில் குனிந்து, நிதானமாக, ஒவ்வொரு பல்லாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு நிமிர்ந்து அரக்கைக் குடித்தாள். இருக்கிறதா இல்லையா என்று சொல்லவே இல்லை.